வேண்டாததைக் கொடுத்தால் அது தானமா?

 

புரட்டாசி பாதி தாண்டிட்டா நம்ம ஊர் வீடுகள்ல ஒட்டடைக் கம்பு வெளியே வந்துடும். பரண்ல இருந்து கொலு பொம்மை இறங்கும், கூடவே ஒரு வருஷத் தூசியும் இறங்கும். ஆயுத பூஜைக்கு ஒரு சுத்தம். அடுத்த 20 நாள்ல தீபாவளி, அதுக்கு ஒரு சுத்தம். அது முடிஞ்ச கையோட கந்த சஷ்டி விரதம், காப்பு கட்டிக்கிற வீடுகள்ல பூஜை அறையை மறுபடி கழுவித் துடைப்பாங்க. இதுக்கு நடுவுல வடகிழக்குப் பருவமழை வேற. தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான் பெய்யுது. அதனால கீழ்த்தட்டுல இருக்கிற துணியும் புத்தகமும் மேல ஏறணும், பீரோவுல அந்துருண்டை போடணும், சுவர்ல ஓதம் ஏறினா கட்டிலைத் தள்ளிப் போடணும். ஐப்பசி, கார்த்திகை ரெண்டையும் நம்ம முன்னோர் கூதிர்காலம்னு தனிப் பொழுதாவே பிரிச்சு வச்சாங்க. வீட்டைத் திரும்பிப் பார்க்கிற காலம்னு நான் அதுக்கு ஒரு அர்த்தம் வச்சிருக்கேன். (அகராதியில அப்படி இல்ல, தேடாதீங்க.)

சுத்தம் முடிஞ்சதும் ஹால் ஓரத்துல மூணு நாலு மூட்டை நிக்கும். சின்னதாப் போன சட்டை, ஜரிகை கருத்த புடவை, ஒரு காது உடைஞ்ச குக்கர், சார்ஜ் நிக்காத போன், யாரோ கிஃப்ட்டா கொடுத்த, இன்னும் பிரிக்காத டின்னர் செட். இந்தக் கட்டுரை அந்த மூட்டைகளைப் பத்தினது. அது வாசலைத் தாண்டும்போது நாம அதுக்கு ஒரு பேர் வைக்கிறோம். "யாருக்காவது கொடுத்துடலாம், புண்ணியமாப் போகும்." அதாவது தானம்.

உண்மையிலேயே அது தானமா? இது எனக்கு சின்ன கேள்வியாத் தெரியலை. ஏன்னா இதே கேள்வியில இருந்துதான் கடோபநிஷத்தே ஆரம்பிக்குது.

கதை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நசிகேதனோட அப்பா பெரிய யாகம் ஒண்ணு பண்றார். தன்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் கொடுத்துடணும்ங்கிறது அந்த யாகத்தோட விதி. அவரும் பசுக்களை ஓட்டிக் கொடுக்கிறார். பையன் பக்கத்துல நின்னு பார்க்கிறான். வர்ற பசு எல்லாம் கிழடு. இனிமே அதுங்க புல்லு மேயப் போறதில்ல, கன்னு போடப் போறதில்ல, பால் வத்திப் போச்சு. எண்ணிக்கை சரியா இருக்கு, விதிப்படி சரியா இருக்கு, ஊரே பார்த்துப் பாராட்டியிருக்கும். ஆனா அந்தப் பசுவை வாங்கிட்டுப் போறவனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு வாய் பால் கிடைக்காது. அதுக்கும் சேர்த்து வைக்கோல் போடற செலவுதான் கிடைக்கும்.

பையனுக்குத் தாங்கலை. "அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"னு கேட்கிறான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அப்பா கடுப்பாகி "உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன்"னு சொல்லிடறார். அதுக்கப்புறம் நசிகேதன் எமன் வீட்டு வாசல்ல மூணு ராத்திரி பட்டினியா நிக்கிறதும், எமன்கிட்ட மூணு வரம் வாங்குறதும், ஆத்மாவைப் பத்திப் பேசறதும் பெரிய விஷயம். பொதுவா நாம அந்தப் பெரிய விஷயத்துக்கு ஓடிடுவோம், பசுவை விட்டுடுவோம். அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளைன்னா நமக்கு சுவாமிமலைதான் ஞாபகம் வரும். அங்கே பிரணவத்துக்கு அர்த்தம், இங்கே மாட்டுக் கொட்டாய்ல ஒரு கேள்வி. ரெண்டுமே அப்பாவைக் கொஞ்சம் நெளிய வச்ச விஷயம்தான்.

அந்தக் கேள்விக்குள்ள என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. "நீங்க உண்மையிலேயே பிடிச்சு வச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான். அதைக் கொடுக்கிறதைப் பத்திப் பேச்சே இல்ல. பால் வத்தினதை மட்டும் கொடுத்துட்டு யாகம்னு சொல்றீங்களே?" நம்ம ஹால்ல நிக்கிற மூட்டையில எத்தனை பால் வத்தின பசு இருக்குன்னு எண்ணிப் பார்க்கலாம்.

எங்க தெருவுல நடந்த ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு அப்பார்ட்மென்ட்ல மூணு வீட்டுக்கு வேலை செய்யற அக்கா. அதுல ஒரு வீட்டுக்காரங்க தீபாவளிக்கு முன்னாடி புதுக் கட்டில் வாங்கினாங்க. பழைய டபுள் காட்டை அக்காகிட்ட "நீயே எடுத்துக்கோம்மா, நல்ல தேக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அக்காவால வேண்டாம்னு சொல்ல முடியலை. சொன்னா திமிருன்னு நினைப்பாங்க, பண்டிகை நேரம் வேற. மீன்பாடி வண்டிக்கு 300 ரூபாய் கொடுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. வீடுன்னா ஒரே ரூம். கட்டிலைப் போட்டா மத்தவங்க நிக்க இடமில்ல. ரெண்டு நாள் வாசல்ல மழையில நனைஞ்சுது. அப்புறம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாங்க. வண்டிக் காசு கூடத் தேறலை. "அவங்க வீட்டு குப்பைக்கு நான் வண்டி வாடகை கொடுத்தேன் தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

எனக்கு இதுல ரொம்ப உறுத்தினது ஒரு எளிய கணக்கு. ரெண்டு பெட்ரூம் வீட்டுல இடமில்லாத கட்டிலை, ஒத்தை ரூம் வீட்டுக்கு அனுப்பறோம். இடம்ங்கிறதும் ஒரு சொத்து. சென்னை மாதிரி ஊர்ல அதுதான் பெரிய சொத்து. பொருளைக் கொடுக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு அவங்ககிட்ட இருக்கிற கொஞ்ச இடத்தை நாம எடுத்துக்கிறோம்.

என் வேலையில டெலீட்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா போயிடும், இல்லைன்னா போயிட்ட மாதிரியாவது இருக்கும். வீட்டுல அந்த பட்டன் கிடையாது. மூவ் மட்டும்தான். நம்ம ஃபோல்டர்ல இருந்து இன்னொருத்தர் ஃபோல்டருக்கு. நம்ம பரண் காலியாச்சுன்னா, அந்தப் பொருள் இப்போ ஒரு ஒத்தை ரூம்ல இருக்கு, இல்ல பெருங்குடியிலயோ கொடுங்கையூர்லயோ குப்பை மேட்டுல இருக்கு. சதுப்பு நிலத்தை ஒட்டி மலை மாதிரி குவிஞ்சதெல்லாம் ஒரு காலத்துல யாரோ ஒருத்தரோட ஹாலை 'ஃப்ரீ' ஆக்கின பொருள்தான்.

சரி, அப்போ பழசை யாருக்குமே கொடுக்கக் கூடாதா? அப்படி இல்ல. நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு அழகான வழக்கம் இருந்தது, இன்னும் சில தெருக்கள்ல இருக்கு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவங்க. எங்க அம்மா அவங்ககூட பேரம் பேசறதைச் சின்ன வயசுல திண்ணையில உட்கார்ந்து பார்த்திருக்கேன், அது ஒரு தனி சினிமா. அம்மா ஒரு பட்டுப்புடவையை எடுத்து வைப்பாங்க. அந்தம்மா அதைப் பிரிச்சு வெளிச்சத்துல பிடிச்சு, மடிப்புல இத்துப் போயிருக்கிறதைக் கண்டுபிடிச்சு, "இது வேணாம்மா, பேன்ட்டு இருந்தா போடு"ன்னு ஒதுக்கிடுவாங்க. ஒரு எவர்சில்வர் டபராவுக்கு நாலு பேன்ட்டா அஞ்சு பேன்ட்டான்னு அரை மணி நேரம் போகும். கடைசியில ரெண்டு பேரும் தான்தான் ஜெயிச்சோம்னு நினைச்சுக்கிட்டு எழுந்திருப்பாங்க.

அந்தத் திண்ணையில யாரும் புண்ணியம் சம்பாதிக்கலை. யாரும் தலை குனியவும் இல்ல. ஏன்னா அந்தம்மாவுக்கு "இது வேணாம்"னு சொல்ற உரிமை இருந்தது. கட்டில் வாங்கின அக்காவுக்கு அந்த உரிமை இல்ல. கொடுக்கிறதுக்கும் தள்ளிவிடறதுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு கேட்டா, பொருள் பழசா புதுசாங்கிறதுல இல்ல, எதிர்ல நிக்கிறவங்க மறுக்க முடியுமாங்கிறதுலதான் இருக்குன்னு நான் சொல்வேன்.

இது ஒரு தெரு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு நாடு முழுக்க இருந்து துணி வந்து குவிஞ்சுது. நல்ல மனசோட அனுப்பினவங்க நிறைய பேர். ஆனா கிழிஞ்சது, துவைக்காதது, அந்த ஊர் மக்கள் உடுத்தவே உடுத்தாததுன்னு கலந்து வந்ததுல மூட்டை மூட்டையா ரோட்டோரம் கிடந்தது. வீடு, படகு, சொந்தம் எல்லாம் போன மீனவக் குடும்பங்கள் அதைத் தொட மறுத்தாங்க. "இவங்களுக்கு என்ன இவ்வளவு ரோஷம்"னு அப்போ கேட்டவங்களும் உண்டு. எல்லாம் போன பிறகு மிச்சம் இருக்கிறதே அந்த ரோஷம்தானே?

பழைய துணியை வச்சே வேலை செய்யற கூஞ்ச் அமைப்பு பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1999ல டெல்லியில அன்ஷு குப்தா ஆரம்பிச்சது, 2015ல அவருக்கு மகசேசே விருது கிடைச்சுது. அவங்க வர்ற துணியைப் பிரிச்சு, துவைச்சு, தைச்சு, ஆள் அளவுக்கும் ஊருக்கும் ஏத்த மாதிரி கட்டறாங்க. அதைவிட முக்கியம், கிராமங்கள்ல அதை இலவசமா நீட்டறதில்ல. ஊர் மக்கள் சேர்ந்து கிணறு தோண்டறது, பாதை போடறது மாதிரி தங்களுக்குத் தேவையான வேலையைத் தாங்களே முடிக்கிறாங்க. அதுக்கு மரியாதையா இந்தத் துணி மூட்டை போகுது. நம்ம பாத்திரக்காரம்மா பண்ணின அதே விஷயம், பெரிய அளவுல. வாங்கறவங்க கையும் மேல இருக்கு.

இப்போ இன்னொரு பக்கம் பார்ப்போம். 'டிக்ளட்டர்' பண்ணுங்கன்னு நம்ம ரீல்ஸ் முழுக்க ஒரே உபதேசம். ஜப்பான்ல மரி கொண்டோ எழுதின புத்தகம் 2010ல வந்தது, 2019ல நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்ததும் உலகமே அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுது. ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து, இது எனக்கு சந்தோஷம் தருதான்னு கேட்கணும், தரலைன்னா நன்றி சொல்லி அனுப்பிடணும். நன்றி சொல்றது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆயுத பூஜையில அரிவாள்மனைக்கும் சைக்கிளுக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைக்கிற நமக்கு அது புதுசு இல்ல. (மூணாவது குழந்தைக்கு அப்புறம் வீட்டை ஒழுங்கா வைக்கிறதைக் கொஞ்சம் விட்டுட்டேன்னு 2023ல அவங்களே சொன்னாங்க. கேட்டதும் எனக்கு அவங்க மேல மரியாதை கூடிடுச்சு.)

ஆனா அந்தக் கேள்வியில 'எனக்கு'ங்கிற வார்த்தை மட்டும்தான் இருக்கு. ஒரு வருஷம் தொடலைன்னா தூக்கிப் போடுன்னு இன்னொரு விதி சுத்துது. அதை எங்க வீட்டுப் பரண்ல ரன் பண்ணிப் பார்த்தா என்ன ஆகும்? கொலு பொம்மை வருஷத்துக்கு ஒம்போது பத்து நாள்தான் வெளியே வருது, ஏதோ மயிரிழையில தப்பிச்சுடும். பெரிய பித்தளை அண்டா? மூணு வருஷமா யாரும் தொடலை. நாலு கோரைப்பாய், அஞ்சு தலையணை, முப்பது எவர்சில்வர் தட்டு? அதுவும் அப்படித்தான். ஆனா அந்த அண்டா எங்க வீட்டு அண்டா மட்டும் இல்ல. தெருவுல யார் வீட்டுல விசேஷம்னாலும், யார் வீட்டுல துக்கம்னாலும் அது நடந்து போகும். பழனி பாதயாத்திரைக்குப் போறவங்க ராத்திரி தங்கினா அந்தப் பாய் இறங்கும். வீட்டுல இருக்கிற ரெண்டு பேருக்கு வேண்டியது மட்டும் இருக்கிற வீட்டுல மூணாவது ஆள் வந்து படுக்க முடியாது. அழகான வீடுதான். விருந்தாளிக்கு ஹோட்டல் ரூம் போட்டுக் கொடுக்கிற வீடு.

கோட் எழுதற இடத்துலயும் இதே விஷயம் உண்டு. யாரும் கூப்பிடாத மாதிரி தெரியற ஃபங்ஷனை ஒரு ஜூனியர் உற்சாகமா அழிப்பான். வருஷக் கடைசியில ஓடற ஒரே ஒரு ரிப்போர்ட் அன்னைக்கு விழும். யார் இதைக் கூப்பிடறாங்கன்னு தெரியாம அழிக்காதேங்கிறதுதான் டீம்ல முதல்ல சொல்லிக் கொடுக்கிற பாடம். அண்டாவை யார் கூப்பிடறாங்கன்னு அம்மாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

அதுக்காக அம்மாக்கள் சேர்த்து வைக்கிற எல்லாத்தையும் நான் நியாயப்படுத்தலை. ஒரு கவருக்குள்ள நூறு கவர், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, இதுக்கெல்லாம் எந்த உபநிஷத்தும் துணைக்கு வராது. ஆனா ஹார்லிக்ஸ் பாட்டில்ல புளியும், பழனி பஞ்சாமிர்த டப்பாவுல கடுகும் இருக்கிறது வேற. (பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. டப்பாவுக்கும் தனியா ஒண்ணு கொடுத்திருக்கலாம், அவ்வளவு வீட்டுல அது ஓடுது.) கோடையில போட்ட வத்தலும் வடகமும் இந்த மழைக்காலத்துல காய் விலை ஏறும்போது வெளியே வரும். குக்கர் கேஸ்கெட் மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் வரும், குடைக்கு ஒரு கம்பி போட்டா இந்த ஐப்பசி ஓடிடும். எதிரியைக் கூடத் தூக்கிப் போடாம மயிலாவும் சேவலாவும் கூடவே வச்சுக்கிட்ட சாமியைக் கும்பிடறோம், ஒரு குடையை ரிப்பேர் பண்ணக் கூடாதா?

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் வெளியில இருந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. ரெண்டுலயும் அதே பழைய டப்பாதான். மிச்சம் பிடிச்சது எங்க போகுதுங்கிறதுலதான் தெரியும். இந்தச் சீசன்ல ஆன்லைன் சேல் எல்லாம் சரியா ஆயுத பூஜை சுத்தத்தோட சேர்ந்தே வருதே, கவனிச்சிருக்கீங்களா? அலமாரி காலியாகும், ஆப்ல கார்ட் நிறையும். பழசை ஏழைக்குக் கொடுத்துட்டோம்ங்கிற திருப்தி இருக்கே, அது புதுசு வாங்கறதுக்கு நாமே நமக்குக் கொடுத்துக்கிற கூப்பன். தானம்ங்கிற பேர்ல எனக்கு இருக்கிற பெரிய சண்டை இதுதான். அந்தப் பேர் ஒட்டினவுடனே நாம கேள்வி கேட்கிறதை நிறுத்திடறோம். குப்பைன்னு பேர் வச்சிருந்தா, ஏன் இவ்வளவு குப்பை சேர்த்தோம்னாவது ஒரு நிமிஷம் யோசிப்போம்.

பழனியாண்டவர் கோலத்தைக் காட்டி "அவரே மினிமலிஸ்ட்தான் ப்ரோ"ன்னு ஒரு மீம் நம்ம குரூப்புகள்ல சுத்துது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனா அதே மூர்த்திக்குக் காலையில ஆண்டி கோலம், சாயரட்சையில ராஜ அலங்காரம். தங்கத் தேரும் உண்டு. பொருள் இருக்கக் கூடாதுன்னு அந்த மலை சொல்லலை. சாயங்காலம் போட்டது விடியும்போது உடம்புல இல்ல, அவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டு வந்தவர்னு சொல்லலாம், கதையும் அப்படித்தான். ஆனா விட்டுட்டு வந்தது பழைய துணி இல்ல, கயிலாயம். அப்பா, அம்மா, அண்ணன் இருக்கிற வீடு. போரடிச்ச பொருளை ஒதுக்கறதுக்குத் துறவுன்னு பேர் வைக்கிறது அந்தக் கோவணத்துக்கு நாம பண்ற மரியாதை இல்ல.

நடைமுறைக்கு வருவோம். பழசு ஒருத்தருக்கு உண்மையிலேயே உதவலாம். ஓடற மிக்ஸி, கிழியாத ஸ்கூல் பேக், நல்ல சைக்கிள், இதெல்லாம் பால் வத்தாத பசு. கொடுக்கிறதுக்கு முன்னாடி "உங்களுக்கு இது வேணுமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்க்கிறேன்"னு, வேற ஆள் இருக்கிற மாதிரியே கேட்கணும். அவங்க மறுக்கிறதுக்கு நாமே வழி திறந்து வைக்கணும். வண்டிச் செலவு நம்மளோடது. பட்டன் இல்லைன்னா தைச்சு, துவைச்சு, மடிச்சுக் கொடுக்கணும். நம்ம அத்தைக்கு இதை இப்படியே கொடுப்போமாங்கிறது நல்ல அளவுகோல். எவ்வளவு ஏழை அத்தையா இருந்தாலும் நமக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்.

எல்லாத்துக்கும் மேல, தீபாவளிக்கு வேலை செய்யறவங்களுக்குக் கொடுக்க வேண்டியது அவங்க பாக்கி. ஒரு மாசச் சம்பளமோ, புதுப்புடவையோ, உங்க வீட்டு வழக்கம் எதுவோ அது. அந்தக் கணக்குல பழைய புடவையை எழுதக் கூடாது. "போன வாரம்தான் ஒரு பட்டுப்புடவை கொடுத்தேனே"ன்னு ஆரம்பிச்சா அந்தப் புடவை அன்னைக்கே விலைக்கு வித்ததாயிடும், அதுவும் ஏமாத்தி வித்தது.

யாருக்கும் ஆகாதது மிச்சம் இருக்கும். அதைக் கௌரவமா குப்பைன்னு ஒத்துக்கலாம். பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் காயலாங்கடைக்கு. செத்த போன், சார்ஜர், பேட்டரியைத் தனியாப் பிரிச்சு மின்கழிவு வாங்கறவங்ககிட்ட. தூய்மைப் பணியாளர் கையில கண்ணாடிச் சில்லு குத்தாம பேப்பர்ல சுத்தி, மேல எழுதி வைக்கிறதும் நம்ம வேலைதான்.

நம்ம வீடுகள்ல மட்டும் வர்ற ஒரு சிக்கல் இருக்கு, சாமி படம். பழைய காலண்டர், ஃபிரேம் உடைஞ்ச படம், கல்யாணப் பத்திரிகை முகப்புல இருக்கிற முருகன், ஒவ்வொரு கோயில்ல இருந்தும் வந்த விபூதி பாக்கெட். தூக்கிப் போட மனசு வராது. அதனால என்ன பண்றோம்? அரசமரத்தடியில கொண்டுபோய் வச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடறோம். மழை பெய்யுது, படம் ஊறி உரியுது, கண்ணாடி உடையுது, கடைசியில அதைக் கூட்டி அள்ளற வேலை யாரோ ஒருத்தருக்கு வருது. நம்ம பாவ பயத்தையும் அவங்க தலையிலயே வச்சுட்டோம். கட்டில் கதையேதான் இதுவும். எங்க வீட்டுல ஃபிரேமைக் கழட்டி அடுத்த படத்துக்கு வச்சுக்கிறோம். பேப்பர் படத்தை ஒரு வாளித் தண்ணியில ஊறவச்சுக் கரைச்சு, கால் படாத செடிக்கு ஊத்திடறோம். விபூதியை ஒரே சம்புடத்துல சேர்த்து தினம் இட்டுக்கிறோம். லேமினேட் பண்ணினது கரையாது, அதனால லேமினேட் பண்றதையே விட்டாச்சு. உங்க வீட்டு வழக்கம் வேறயா இருக்கலாம், வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுக்கோங்க. எப்படிப் பண்ணினாலும் நாமே நம்ம கையால முடிக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

அப்போ தானம்னு எதைத்தான் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் பிடி அரிசி. காஞ்சி மகா பெரியவர் வீட்டுக்கு வீடு சொன்ன விஷயம். தினம் சோறு வைக்க அரிசி அளந்ததும், உலையில போடறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்துத் தனியா வச்சிடறது. சாப்பிட்டு மிஞ்சினதுல இருந்து எடுக்கிறதில்ல. நல்ல அரிசி, நாம திங்கிற அதே அரிசி, முதல்லயே எடுத்தாச்சு. பசியில்லாதப்போ கொடுக்கிறது இல்ல, பசிக்கு முன்னாடி கொடுக்கிறது. நசிகேதன் அப்பாகிட்ட எதிர்பார்த்தது இதைத்தான்னு நினைக்கிறேன்.

எங்க வீட்டுல அதுக்கு ஒரு பஞ்சாமிர்த டப்பாதான். நிறைஞ்சதும் தூக்குச்சட்டிக்குப் போகும். ஒரு பிடி சுமார் 50 கிராம்னு வச்சா, ஐப்பசி 1ல ஆரம்பிச்சா தைப்பூசம் வர்றதுக்குள்ள சுமார் 100 நாள், 5 கிலோ ஆயிடும். பாதயாத்திரைக்காரங்களுக்கு ரோட்டோரம் சாதம் போடற பந்தல் ஒண்ணுக்கு அது போகும். போன தடவை கொடுக்கப் போனப்போ அங்கே சமைச்சுக்கிட்டிருந்த பெரியவர் கையில அள்ளி, முகர்ந்து பார்த்துட்டு, "பச்சரிசியா? பொங்கலுக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது, அடுத்த வருஷம் புழுங்கலரிசியா கொண்டா"ன்னு சொன்னார். இந்த வருஷம் டப்பாவுல புழுங்கலரிசி.

வேலும் மயிலும் துணை.